முன்சீட்டுல ஒரு நிக்காஹ்

புதுசா கார் வாங்கின மனுஷன் முதல்ல என்ன செய்வான்? ஹாரனை ஒரு அமுக்கு அமுக்குவான், கண்ணாடியை ஏத்தி இறக்குவான், தெருவுல நாலு பேர் பார்க்காங்களான்னு ஓரக்கண்ணால பார்ப்பான். மேலப்பாளையம் முகம்மது மைதீன் அப்படி ஒண்ணும் செய்யல. டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு, வண்டிக்குள்ள தலையை விட்டு, ஓட்டையைத் தேடினார். சிடி போடுற ஓட்டை.

இல்ல. எங்கேயும் இல்ல. தாம்பாளம் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் திரை இருக்கு. கதவு சாத்தலைன்னா கத்துது, பெல்ட் போடலைன்னா கத்துது, பின்னால பூனை போனாக்கூடக் கத்துது. இத்தனை அறிவு இருக்கிற வண்டிக்கு ஒரு சிடியை வாங்கிக்கிட வாய் இல்ல. ஷோரூம்ல அவர் கேட்காமலும் இல்ல. பாட்டு, பேச்செல்லாம் கேக்கலாமான்னு திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லாம் கேக்கலாம் சார்னு அங்கன இருந்த பையன் சிரிச்ச முகமாச் சொன்னான். பையனைக் குத்தம் சொல்ல முடியாது. அவன் சிடியைப் பார்த்ததெல்லாம் வயக்காட்டுல மயிலை விரட்டக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறதைத்தான். அதைக் காருக்குள்ள போடுவாங்கன்னு அவனுக்கு எப்படித் தோணும்?

தேடித் தேடி, கடைசியில திரைக்குக் கீழே ஒரு இடுக்கு கண்ணுல பட்டது. ஆகா, ஒளிச்சு வச்சிருக்கான்னு சந்தோஷப்பட்டு, பிஸ்மில்லாச் சொல்லி ஒரு சிடியைச் சொருகினார். சர்ருன்னு போச்சு. மைதீன் நிமிர்ந்து உக்காந்து, இப்பப் பேசும், இப்பப் பேசும்னு காத்திருந்தார். அது ஏன் பேசப்போகுது? டேஷ்போர்டுக்குப் பின்னால வயர்களுக்கு நடுவுல போய் விழுந்து கிடக்கு. அது, இப்ப இருக்கிற வீட்டுக்கு அவங்க குடிபோன அன்னைக்கு எடுத்த சிடி. வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்த அவர் சம்சாரம் ஹமீது பீவி தலையில அடிச்சுக்கிட்டாங்க. வீட்டைத் தூக்கிக் காருக்குள்ள போட்டுட்டியளேன்னு கேட்டாங்க. எடுக்கணும்னா முன்பக்கம் பூராவும் கழத்தணும்னு ஷோரூம்ல சொன்னதால, கிடக்கட்டும்னு விட்டாச்சு. அன்னையில இருந்து வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் முன்னால 'கடகட'ன்னு ஒரு சத்தம் வரும். வீடு ஆடுதுன்னு ஹமீது பீவி சொல்லுவாங்க.

இந்த மனுஷனுக்குச் சிடி மேல அப்படி என்ன கிறுக்குன்னு கேப்பீங்க. சொல்லுதேன்.

மைதீன் சவூதியில, தம்மாம்ல ஒரு அரபிகிட்ட இருபத்தாறு வருஷம் டிரைவரா இருந்தவர். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா லீவுல வருவார். ஆனா அவர் நேரம், வீட்டுல ஒரு விசேஷம்கூட அந்த லீவுக்குள்ள வந்து விழுந்ததில்ல. தங்கச்சி கல்யாணத்துக்கு ஆள் இல்ல, வீடு குடிபோனதுக்கு ஆள் இல்ல, உம்மாவோட நாப்பதாம் நாள் பாத்திஹாவுக்கு ஆள் இல்ல. அப்பத்தான் தம்பி மீரான், அண்ணனைக் காக்கான்னு கூப்பிடுறவன், ஒரு வழி கண்டுபிடிச்சான். பாளையங்கோட்டை வீடியோக்கார ஞானையாவைப் பிடிச்சு, விசேஷ வீடியோவுல இருந்து சத்தத்தை மட்டும் தனியாப் பிரிச்சு சிடியில ஏத்தித் தரச் சொன்னான். ஏன்னா மைதீன் பகல் பூரா இருக்கது அரபியோட கார்ல. அதுல படம் ஓடாது, சத்தம் ஓடும். ஊர்ல இருந்து எவன் பிளைட் ஏறினாலும் அவன் பெட்டியில அல்வாவோட சேர்ந்து ஒரு சிடியும் ஏறிரும்.

அரபி பின்சீட்டுல இல்லாத நேரமெல்லாம் அந்தப் பாலைவன ரோட்டுல மேலப்பாளையத்துக் கல்யாணம் ஓடும். கறி பத்தலைன்னு பந்தியில நடந்த சண்டை, செருப்பைக் காணோம்னு மைக்குல சொன்ன அறிவிப்பு, எந்த விசேஷம்னாலும் முன்வரிசையில உக்காந்து விடாம இருமுற செய்யது மாமாவோட இருமல், அத்தனையும் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. மத்தவங்க விசேஷ வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாங்க. இவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சோத்துச் சத்தத்தைக் கேட்டார். பாவம்தான், என்ன செய்ய?

நாலு மாசத்துக்கு முந்தி, போதும்னு ஒரேயடியா ஊருக்கு வந்துட்டார். வந்த பிறகு பார்த்தா பெரிய கூத்தா இருந்தது. சொந்தக்காரங்களை இவருக்குக் காதாலதான் தெரியும், கண்ணால தெரியல. லீவுல வந்தப்பப் பார்த்த முகமெல்லாம் நரைச்சும் வழுக்கை விழுந்தும் ஆளே மாறிக் கிடக்கு. வீடியோ கால் வந்த பிறகாவது பார்த்திருக்கலாம்தான். ஆனா ஹமீது பீவி போனைப் பிடிக்கிற லட்சணத்துக்குப் பாதி நெத்தியும் மேல சுத்துற ஃபேன் பாதியும்தான் தெரியும். அதனால கடைத்தெருவுல யாராவது சலாம் சொன்னா மைதீன் சட்டுனு கண்ணை மூடிக்கிடுவார். அவங்க நாலு வார்த்தை பேசின பிறகு, அடடே, நம்ம காஜா மச்சானான்னு கண்ணைத் திறப்பார். மனுஷன் சவூதியில இருந்து பெரிய பக்திமானா வந்திருக்காருன்னு ஊர்ல பாதிப்பேர் சொன்னாங்க. மீதிப்பேர், தலைக்கனம், மூஞ்சியைப் பார்த்துப் பேச மாட்டேங்காருன்னு சொன்னாங்க.

அதையெல்லாம் மைதீன் பெருசா எடுத்துக்கிடல. அவர் மனசுல கிடந்தது வேற. சின்ன மகள் ஷம்ஸியாவுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை பெயர் இர்ஷாத், பேட்டையில ஜவுளிக்கடை வச்சிருக்கிற பையன்.

மூத்தவள் தஸ்மியாவோட நிக்காஹ் அன்னைக்கு அரபி லீவு தரல. சபையில உக்காந்து, மாப்பிள்ளை கையைப் பிடிச்சு, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்னு வாப்பா சொல்லணும். அந்த வார்த்தையை மீரான்தான் வக்கீலா நின்னு சொன்னான். கோர்ட்டு வக்கீல் இல்ல, வாப்பாவுக்குப் பதிலா நிக்கிற ஆளு. முறையெல்லாம் சரிதான், ஒரு குத்தமும் இல்ல. ஆனா அந்தச் சிடி தம்மாமுக்கு வந்து சேர்ந்த அன்னைக்கு, அதைக் கேட்டுட்டு மைதீன் காரை ரோட்டோரம் நிறுத்தி ஓன்னு அழுதார். சின்னவளையாவது என் வாயால சொல்லிக் கொடுக்கணும்னு அன்னைக்கு நினைச்சது. இந்த ஜென்மத்துல அவருக்கு மிச்சம் இருந்த ஆசை அது ஒண்ணுதான்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கு வந்து பேசினப்பவும் அதைத்தான் சொன்னார். வழக்கமா ஹஜ்ரத் வார்த்தை வார்த்தையாச் சொல்லுவார், பெண்ணோட வாப்பா திருப்பிச் சொல்லுவார். சபையைப் பார்த்ததும் யாருக்கும் நாக்கு ஒட்டிக்கிடும் இல்லையா? மைதீன் அதுக்குச் சம்மதிக்கல.

"எனக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம் ஹஜ்ரத். இருபத்தாறு வருசமா எனக்காக அடுத்தவன் பேசுனது போதும்."

ஹஜ்ரத் நல்ல மனுஷன். உங்க இஷ்டம்னுட்டார். புதுசா ஒண்ணும் படிக்க வேண்டாம், மூத்த பிள்ளைக்குச் சொன்ன அதே வாசகம்தான், பேரை மட்டும் மாத்திக்கிடுங்கன்னு சொல்லிட்டு, காப்பியைக் குடிச்சுட்டுப் போயிட்டார்.

அதே வாசகம்னா அதே சிடிதானே. தஸ்மியா நிக்காஹ் சிடியை மைதீன் சூட்கேஸ்ல இருந்து எடுத்தார். கேக்குறதுக்குத்தான் வழி இல்ல. வீட்டுல இருந்த ப்ளேயரை ஹமீது பீவி எப்பவோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டு பிளாஸ்டிக் வாளி வாங்கியாச்சு. லேப்டாப்ல போட்டு பென் டிரைவ்ல ஏத்தித் தாரேன்னு ஷம்ஸியா சிடியை வாங்கிட்டுப் போனாள். லேப்டாப்புக்கும் வாய் இல்ல. நாலு வரிதானே வாப்பா, ஒரு பேப்பர்ல எழுதித் தாரேன், படிச்சுக்கிடுங்கன்னு சொன்னாள். அவரும் படிச்சுப் பார்த்தார். மண்டையில ஏறல. கார் ஓடணும், கையில ஸ்டியரிங் இருக்கணும், காதுல சத்தம் விழணும். அப்பத்தான் அவருக்கு எதுவும் உள்ள இறங்கும். பழக்கம் அப்படி ஆகிப்போச்சு.

கடைசியில பழைய ஞானையாவையே தேடிப் போனார். அவர் இப்ப டிரோன் விட்டுக் கல்யாணத்தை ஆகாயத்துல இருந்து எடுக்கிற ஆளாயிட்டார். ஷம்ஸியா கல்யாணத்துக்கும் அவர்தான் வீடியோ. மைதீன் சொன்னதைக் கேட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். சிரிச்சு முடிச்சுட்டுப் பரண் மேல ஏறி, ரெண்டு பக்கமும் சட்டி சட்டியா ஸ்பீக்கர் வச்ச ஒரு பெரிய டேப் ரெக்கார்டர் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். மண்டையில சிடி போடலாம், பின்னால முழங்கை தண்டிக்கு பேட்டரி போடணும். காருக்குள்ள வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, கல்யாணம் முடிஞ்சதும் திருப்பித் தாங்கன்னார்.

பெட்டியை முன்சீட்டுல வச்சதும் கார் கத்த ஆரம்பிச்சது. ஆள் உக்காந்திருக்கு, பெல்ட் போடலைன்னு கத்துது. இது ஆள் இல்லன்னு அதுக்கு யார் எடுத்துச் சொல்ல? மைதீன் பெட்டிக்குப் பெல்ட்டைப் போட்டுவிட்டார். வண்டி அமைதியாச்சு. ஆக, எட்டு ஸ்பீக்கர் வச்ச புதுக்கார்ல எட்டும் வாயை மூடிக்கிடக்க, முன்சீட்டுல பெல்ட் போட்டுக்கிட்டு டேப் ரெக்கார்டர் ஒண்ணு மகாராசா மாதிரி உக்காந்திருந்தது. வீட்டுக்காரி பின்சீட்டுல. வாங்கின நாள்ல இருந்து அந்த முன்சீட்டுல நான் ஒரு நாள் உக்காரலைன்னு ஹமீது பீவி முணுமுணுத்தாங்க. மைதீன் காதுல அது விழல.

அடுத்த கஷ்டம் ரோடு. மேலப்பாளையத்துல சாக்கடை வேலைக்குத் தோண்டாத தெரு எது? ஒவ்வொரு பள்ளத்துக்கும் சிடி தாவுது. 'பிஸ்மில்லா'ன்னு மீரான் ஆரம்பிச்சான்னா அடுத்த பள்ளத்துல பிரியாணி பரிமாறுறாங்க. நடுவுல நிக்காஹைக் காணோம். வேற வழியில்லாம ரெட்டியார்பட்டி பக்கம் ஏறி நாலுவழிச் சாலையைப் பிடிச்சார். அது வழவழன்னு கிடக்கு. நாங்குநேரி வரைக்கும் போனா, நிக்காஹ் ஒரு தாவல் இல்லாம முடியும். பிறகு திரும்பணும்.

அந்த வாரம் பூரா கல்யாண வேலை எல்லாம் நாங்குநேரி வழியாத்தான் நடந்தது. பேட்டைக்குப் பத்திரிகை கொடுக்கப் போறதுன்னாலும் முதல்ல நாங்குநேரி. பேட்டை இருக்கது நேர் எதிர்த்திசையில. டவுனுக்கு ஜரிகை வாங்கப் போறதுன்னாலும் நாங்குநேரி. கறிக்கடைக்கு ஆர்டர் சொல்லிட்டு வாங்கன்னு அனுப்பினா, மனுஷன் நாங்குநேரி போயிட்டு வந்து அடுத்த தெருவுல இருக்கிற கறிக்கடைக்குப் போறார். தனியா விட்டா வேலைக்காகாதுன்னு ஹமீது பீவியும் பத்திரிகைக் கட்டை மடியில வச்சுக்கிட்டுப் பின்சீட்டுல ஏறிட்டாங்க.

ஏறினவங்களுக்கும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. மீரான் சொல்லச் சொல்ல மைதீனும் கூடவே சொல்லுவார், அதே ஏத்தம், அதே இறக்கம். முன்பாதி முடிஞ்ச இடத்துல செய்யது மாமா ஒரு இருமல் இருமுவார். போன வருஷம் மவுத்தாயிட்டார், ஆனா சிடியில இன்னும் இருமுதார். அந்த இருமலுக்கு மட்டும் மைதீன் நிறுத்தி வழிவிடுவார், மரியாதைக்கு. அதுக்கு மேல மகள் பேரும், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹரும், மாப்பிள்ளை பேரும் வரும். அங்கன தஸ்மியாவுக்குப் பதிலா ஷம்ஸியா, சதாமுக்குப் பதிலா இர்ஷாத். முதல் ரெண்டு நாள் அதுதான் தகராறு. நாலு தடவை சொன்னா ரெண்டு தடவை தஸ்மியான்னு வந்திரும். மூத்த மருமவன் சதாம் பேர் வந்தா இன்னும் மோசம். பேர் மாறினா நிக்காஹே மாறிப்போயிரும், ஊர் சிரிச்சிரும்னு ஹமீது பீவிக்குப் பயம். பத்திரிகையில விலாசம் எழுதிக்கிட்டே வருவாங்க. பேர் வர்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்திட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காருவாங்க. சரியாச் சொன்னாத்தான், மாப்பிள்ளை சொல்லவேண்டிய பதிலை அவங்க சொல்லுவாங்க, "ஏற்றுக்கொண்டேன்"னு. தப்பாச் சொன்னா, "திரும்பவும்." இப்படியே பெத்த மகளை அந்தம்மா எத்தனை தடவை நிக்காஹ் பண்ணிக்கிட்டாங்கன்னு கணக்கே இல்ல.

புதன்கிழமை பத்தமடைக்குப் போய்ப் பாய் வாங்கிட்டு வந்தாங்க. கோரையில நெய்து, பட்டுநூலுல பெண் மாப்பிள்ளை பேர் போட்ட கல்யாணப் பாய். ஷம்ஸியா, இர்ஷாத்னு பெரிய எழுத்து. மைதீனுக்கு அப்ப ஒரு யோசனை வந்தது. பாயை முன்சீட்டுப் பெட்டிக்கு மேல போர்த்தி, பேர் தன் பக்கம் தெரியுற மாதிரி வச்சு, அதுக்கு மேல பெல்ட்டைப் போட்டார். ஓட்டுற நேரம் ஓரக்கண்ணால பார்த்தாலே பேர் தெரியும். அன்னையில இருந்து பேர் ஒரு தடவை தப்பல.

ஆனா பார்க்கிறவனுக்கு அது எப்படி இருக்கும்? நாங்குநேரி கிட்ட போலீஸ்காரர் ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்தினார். முன்சீட்டுல பாயைச் சுத்தி, பெல்ட் போட்டு எதையோ உக்கார வச்சிருக்கு. பாய்க்குள்ள இருந்து ஆம்பளை சத்தம், பிஸ்மில்லான்னு ஆரம்பிக்குது. போலீஸ்காரருக்கு வேர்த்துப்போச்சு.

"உள்ள யாருவே?"

மைதீன் சிடிக்குள்ளயே இருந்தார். யோசிக்காம உண்மையைச் சொன்னார்.

"என் தம்பி சார்."

பிறகு பாயைப் பிரிச்சு, பெட்டியைக் காட்டி, பத்திரிகையைக் கையில கொடுத்து, ஹமீது பீவி பின்னால இருந்து எல்லாத்தையும் விளக்கி முடிக்கிறதுக்குள்ள உச்சி வெயில் வந்திருச்சு. போலீஸ்காரர் பத்திரிகையை வாங்கிச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு, அவசியம் வாரேன்னு சொல்லி அனுப்பினார். வரவும் செஞ்சார், அது வேற விஷயம்.

ஞாயித்துக்கிழமை வந்தது. மஹால்ல ஆம்பளைங்க பக்கம் நிறைஞ்சு, வாசல்ல எல்லாம் செருப்பு. திரைக்கு அந்தப் பக்கம் பொம்பளைங்க. மைதீன் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, அத்தர் வாசனை. கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குப் பயம் வந்திருச்சு. இத்தனை வருஷம் இந்தக் கூட்டத்தைக் காதால கேட்டவர். அதுக்கு இத்தனை முகம் இருக்கும்னு அவருக்குத் தெரியாது. எவன் யாருன்னு விளங்கல. எல்லாரும் அவரையே பார்க்காங்க.

ஹஜ்ரத் அரபியில குத்பா உரை ஓதி முடிச்சார். இர்ஷாத் கையை எடுத்து மைதீன் கையில வச்சார். மைக்கைப் பக்கத்துல தள்ளிவிட்டு, நானே எடுத்துக் கொடுக்கவான்னு கண்ணாலயே கேட்டார். மைதீன் வேண்டாம்னு தலையை ஆட்டிட்டு, பழக்க தோஷம், கண்ணை மூடிக்கிட்டார். மூடினதும் நாலுவழிச் சாலை வழவழன்னு வந்தது. பயம் போச்சு. ஏத்த இறக்கம் ஒண்ணும் மாறாம, தம்பி மீரான் குரல்லயே, கணீர்னு ஆரம்பிச்சார்.

"பிஸ்மில்லா. என் காக்கா முகம்மது மைதீன் இப்ப இங்கன இல்ல. தம்மாம்ல இருக்காரு."

சொல்லிட்டு நிறுத்தினார். செய்யது மாமா இருமணும். அவர் இருமாம அடுத்த வார்த்தை வராது.

 மைக்கு மட்டும் உய்யுன்னு சத்தம் கொடுத்தது. திரைக்கு அந்தப் பக்கம் ஹமீது பீவிக்கு உசிரே இல்ல. ஒரு வாரமா பேர் வர்ற இடத்துக்கே காவல் காத்திருந்தாங்க, முன்னால இருந்ததை அவங்க கேக்கவே இல்ல. தூணுக்குப் பக்கத்துல நின்ன மீரானுக்கு மட்டும் காக்கா எதுக்குக் காத்திருக்காருன்னு புரிஞ்சுபோச்சு. அவனும் ஒரு நாள் அந்தக் கார்ல போயிருந்தான். நிறுத்துறதா, உதவுறதான்னு அவனுக்குத் தெரியல. உதவிட்டான். செய்யது மாமா மாதிரியே அடித்தொண்டையில இருந்து ஒரு இருமல் இருமினான்.

மைதீன் முகம் மலர்ந்துருச்சு. மீதியை ஒரு சறுக்கல் இல்லாமச் சொன்னார். அவருக்குப் பதிலா நான் வக்கீலா நின்னு, அவர் மகள் ஷம்ஸியாவை, பேசின மஹருக்கு, இர்ஷாத் ஆகிய உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்னு முடிச்சார். ஷம்ஸியா சரி, இர்ஷாத் சரி. ஒரு எழுத்து மாறல. மாறினது அவர் ஒருத்தர்தான்.

இர்ஷாத் வாயைத் திறந்தான். ஹஜ்ரத் கையை உயர்த்தினார்.

"பைய, மாப்பிள்ளை, பைய. பிள்ளையோட வாப்பா இங்கன இல்லைன்னு வாப்பாவே சொல்லுதாரு. இதுக்கு நான் எந்தக் கிதாபைப் பார்ப்பேன்?"

எங்கேயோ ஒருத்தன் சிரிச்சான். பிறகு மஹாலே சிரிச்சது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர், வாப்பா தம்மாம்ல இருக்காருன்னா இவர் யாருன்னு பக்கத்துல இருந்தவரை நிஜமாவே கேட்டார். மைதீன் கண்ணைத் திறந்தார். முதல்ல ஒண்ணும் விளங்கல. பிறகு தான் சொன்னது தன் காதுக்கே வந்து சேர்ந்தது. முகம் செத்துப்போச்சு. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடும். அதையும் அவரு இல்லாமலே சொல்லி முடிச்சாச்சு. கையை உருவப் பார்த்தார். மாப்பிள்ளைப் பையன் அந்தக் கையை விடல, பாவம், அவன்தான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தான்.

அப்பத்தான் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து ஹமீது பீவி சத்தம் வந்தது. மைக் இல்லாமலே மஹால் பூரா கேட்டது.

"அவங்க வந்துட்டாங்க ஹஜ்ரத். வந்து நாலு மாசம் ஆச்சு. வீட்டுலதான் இருக்காங்க."

சிரிப்பு அடங்கிப்போச்சு. மைதீன் திரையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார், கண்ணை மூடாமலே. கடைசியா பக்கத்துல உக்காந்திருக்கிற பையனோட முகத்தைப் பார்த்தார். நெத்தியில வேர்வையும், மீசையில ஒட்டின பூவிதழுமா, அவனும் பயந்துபோய்த்தான் உக்காந்திருந்தான். மைதீன் பேசினப்ப அது மீரான் குரலா இல்ல. கரகரன்னு, உடைஞ்சு, தாழ்ந்த குரலா இருந்தது. அப்படி ஒரு குரல் எந்தச் சிடியிலயும் கிடையாது.

"ஆமா. நான் வந்துட்டேன். நான்தான் முகம்மது மைதீன். இங்கனதான் இருக்கேன். என் மவ ஷம்ஸியாவை, பேசின மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு கொடுத்தேன்."

"ஏற்றுக்கொண்டேன்"னு இர்ஷாத் சொன்னான்.

அதே நேரம் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தும் ஒரு "ஏற்றுக்கொண்டேன்" கேட்டது. ஒரு வாரப் பழக்கம், வாய் தானா சொல்லிருச்சு. அது யாருன்னு ஹஜ்ரத் விசாரிக்கல. துஆவுக்குக் கையை ஏந்திட்டார்.

பந்தி முடிஞ்சு கூட்டம் கலையுற நேரம் ஞானையா கேமராவைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தார். முதல்ல சொன்னதை வெட்டிரட்டுமா அண்ணாச்சின்னு பக்குவமாக் கேட்டார். வெட்டாண்டாம், அதுவும் நடந்ததுதானேன்னார் மைதீன். சத்தத்தை மட்டும் பிரிச்சுத் தனியா வேணுமான்னு ஞானையா கேட்டார், பழைய நினைப்புல.

"வேண்டாம்வே. நான் அங்கனதானே இருந்தேன்."

சொல்லிட்டு நேரா வண்டிக்குப் போனார். முன்சீட்டுப் பெல்ட்டைக் கழத்தி, பெட்டியைத் தூக்கி ஞானையா கையில கொடுத்தார். பாயை நாங்குநேரிக்குக் கொண்டுபோகாம ஒழுங்கா மகள் வீட்டுக்கு அனுப்பியாச்சு. பின்கதவைத் திறக்கப்போன ஹமீது பீவியை, முன்னால வான்னு கூப்பிட்டார். அவங்க ஒரு நிமிஷம் நின்னு, சேலையை இடுக்கிக்கிட்டு முன்சீட்டுல ஏறி உக்காந்தாங்க. உடனே கார் கத்த ஆரம்பிச்சது.

"இது ஏன் கத்துது?"

"ஆளு இருக்குன்னு சொல்லுது."

பெல்ட் எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியல. மைதீன் குனிஞ்சு எடுத்து மாட்டிவிடலாம்தான். கொஞ்ச நேரம் கத்தட்டும்னு விட்டுட்டு வண்டியை எடுத்தார். தெரு முக்குல வேகத்தடை வந்தது. டேஷ்போர்டுக்குள்ள வீடு ஒரு தடவை கடகடன்னு ஆடிச்சு. வண்டியைத் திருப்பி நேரா வீட்டுக்கு ஓட்டினார்.